பனிச்சிறுத்தையின் பக்கத்து வீடு

கோடை விடுமுறை நெருங்கினால் சுற்றுலா விளம்பரங்கள் பெருகிவிடும். காட்டோரத்தில் தங்குமிடம் நடத்துவோர் பலரும் இன்று தங்கள் பெயர்ப்பலகையில் 'ஈக்கோ லாட்ஜ்' என்று எழுதிக்கொள்கின்றனர். 'இயற்கையோடு இயைந்த தங்குமிடம்' என்று அதற்கு விளக்கமும் தருகின்றனர். கூரையில் ஓலை, வேலியில் மூங்கில், சுவரில் யானைப் படம் ஆகியவை இருந்துவிட்டால் ஒரு விடுதி இயற்கையோடு இயைந்துவிடுமா? இயைந்திருக்கிறதா இல்லையா என்பதை அறிய ஏதேனும் அளவுகோல் உண்டா?

உண்டு. வெப்ப இயக்கவியல் பாடத்தில் நாம் கையாளும் எளிய முறை ஒன்று இங்கே உதவும். ஓர் எந்திரத்தை ஆராயும்போது முதலில் அதைச் சுற்றி மனத்தில் ஓர் எல்லைக்கோடு வரைகிறோம். அக்கோட்டைக் கடந்து உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்று கணக்கிடுகிறோம். எந்திரத்தின் வண்ணப்பூச்சு கணக்கில் சேராது. வரவும் செலவும் மட்டுமே சேரும். ஒரு வீட்டைச் சுற்றியும் இப்படி ஒரு கோடு வரையலாம். ஆற்றல், தண்ணீர், உணவு, கழிவு, பணம் என்னும் ஐந்தும் அக்கோட்டை எப்படிக் கடக்கின்றன என்று பார்த்தால் அந்த வீட்டின் தன்மை விளங்கிவிடும்.

இதற்கு எடுத்துக்காட்டாக, பனிச்சிறுத்தைகள் நடமாடும் நிலத்தில் குடும்பத்தினரே நடத்தும் விருந்தினர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடம் லடாக். லே நகருக்குத் தெற்கே, சிந்து ஆற்றுக்கு அப்பால் பரந்து கிடக்கிறது ஹெமிஸ் தேசியப் பூங்கா. 1981இல் அமைக்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இதுவே. இதன் எல்லைக்குள்ளேயே சிற்றூர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று ரும்பாக். பத்துக் குடும்பங்கள் அளவே கொண்ட ஊர். அங்குள்ள ஒரு வீட்டில் நீங்கள் சில நாள் தங்கப் போகிறீர்கள் என்று கொள்வோம்.

மெலிந்த காற்று

ரும்பாக் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரங்களுள் ஒன்றான தொட்டபெட்டாவைப்போல் ஒன்றரை மடங்கு உயரம் அது.

காற்றழுத்தம் என்பது நம் தலைக்கு மேலுள்ள காற்றின் எடையால் உண்டாவது. மேலே செல்லச் செல்லத் தலைக்கு மேலுள்ள காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. 4,000 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 61 விழுக்காடு மட்டுமே. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றே மெலிந்திருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் செல்லும் ஆக்சிஜன் ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடுகிறது.

ஆகவே, விமானத்தில் லே நகருக்குச் சென்று இறங்கியவுடன் மலையேறக் கிளம்பக் கூடாது. லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே இரண்டு நாளாவது ஓய்வாகத் தங்கி உடலைப் பழக்க வேண்டும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவை முற்றினால் உடனே கீழே இறங்குவதே முதல் மருத்துவம். இளமையும் உடல் வலிமையும் இதற்குக் காப்பு ஆகமாட்டா.

லேயிலிருந்து வண்டியில் ஜிங்சென் வரை சென்று, பின் ஓடைக்கரை வழியே சில மணி நேரம் நடந்து ஊரை அடைகிறீர்கள். 'ஜூலே' என்று வீட்டார் வரவேற்கின்றனர். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் ஆகிய மூன்றுக்கும் அங்கே இந்த ஒரே சொல்தான். வீட்டுத் தலைவியை நீங்கள் 'ஆமா-லே' என்று அழைக்கலாம். 'ஆமா' என்றால் அம்மா. 'லே' என்பது நம் 'ங்க' போன்ற மரியாதை விகுதி. விருந்தினர் வீட்டின் பொறுப்பு பெரும்பாலும் இவர் போன்ற பெண்களிடமே இருக்கிறது.

அடுப்படியில் ஒரு பாடம்

லடாக் வீட்டில் அடுப்படியே பெரிய கூடம். சுவர் முழுதும் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் மின்னும். நடுவே அடுப்பு. உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்த தேநீர் உங்கள் கைக்கு வருகிறது. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. ஆனால் அதில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 87 டிகிரி செல்சியஸ் அளவே காட்டும்!

தண்ணீரின் ஆவி அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும்போது கொதித்தல் தொடங்குகிறது. வெளியழுத்தம் குறைந்தால் குறைந்த வெப்பநிலையிலேயே அந்நிலை வந்துவிடும். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 4,000 மீட்டருக்குப் பதின்மூன்று டிகிரி குறைகிறது.

இதனால் விளைவது என்ன? சமையலின்போது நிகழும் வேதி மாற்றங்கள் வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் ஏறத்தாழப் பாதி வேகத்தில்தான் நடக்கும். ஆகவே பருப்பு வேக இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஆகும். அத்தனை நேரமும் அடுப்பு எரிந்தாக வேண்டும். அடுப்பைப் பெரிதாக எரித்தாலும் பயனில்லை. தண்ணீர் விரைவாக ஆவியாகுமேயன்றி 87 டிகிரியைத் தாண்டாது.

இங்கேதான் பிரஷர் குக்கரின் அருமை தெரிகிறது. குக்கரின் மேல் வைக்கும் குண்டு, வெளியழுத்தத்துக்கு மேல் கூடுதலாக ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தை உள்ளே தேக்கிவைக்கிறது. ரும்பாக்கில் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம் 0.61 உடன் 1 சேர்ந்து 1.61 வளிமண்டலம் ஆகும். அதற்குரிய கொதிநிலை ஏறத்தாழ 114 டிகிரி. நம் ஊர்க் குக்கரில் 120 டிகிரி. வேறுபாடு பதின்மூன்றிலிருந்து ஆறாகக் குறைந்துவிட்டது. நம் வீட்டில் குக்கர் நேரத்தை மிச்சப்படுத்தும் கருவி. அங்கே அது எரிபொருளைக் காக்கும் கருவி.

'87 டிகிரியில் கொதித்த தண்ணீரைக் குடிக்கலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் குடிக்கலாம். நோய்க்கிருமிகள் 70 டிகிரிக்கு மேலேயே விரைவில் மடியத் தொடங்குகின்றன. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் தண்ணீரை மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் போதும் என்பது மருத்துவ விதி. ஆமா-லே ஆறவைத்துத் தரும் தண்ணீரை உங்கள் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டில் குதிரை முதுகில் ஏறி ஊருக்குள் வந்துவிடும். காலி பாட்டிலுக்குத் திரும்பிச் செல்ல வழி கிடைப்பது அரிது. மட்காத அந்தப் பிளாஸ்டிக் நம் எல்லைக்கோட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

ஒரு வாளி வெந்நீரின் விலை

மறுநாள் காலை. ஓடைத் தண்ணீர் கையை வைத்தாலே விறைக்கும் குளிரில் இருக்கிறது. குளிக்க ஒரு வாளி வெந்நீர் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று எண்ணுகிறீர்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள். கேட்கும் முன் ஒரு சிறு கணக்கு.

வாளியில் 15 லிட்டர் தண்ணீர். வெப்பநிலை 5 டிகிரி. அதை 40 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆகவே தேவையான வெப்பம் 15 × 4.2 × 35 = 2,205 கிலோஜூல். அதாவது ஏறத்தாழ 2.2 மெகாஜூல்.

இது எங்கிருந்து வரும்? ரும்பாக்கைச் சுற்றிக் காடு இல்லை. லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம். லே நகரில் ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான். ஓடைக்கரையில் நட்டு வளர்த்த வில்லோ, பாப்லர் மரங்களே அங்குள்ள மரங்கள். எனவே காலங்காலமாக அடுப்பில் எரிவது யாக், பசு ஆகியவற்றின் உலர்ந்த சாணம். நம் வறட்டியேதான். சமையல் வாயு உருளைகள் கிடைக்கும் இடங்களிலும், சாலை வசதியில்லாத ஊருக்கு அவற்றைச் சுமந்துவர வேண்டும்.

நன்கு உலர்ந்த வறட்டி ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 12 முதல் 15 மெகாஜூல் வெப்பம் தரும். ஆனால் பழைய அடுப்பில் அதில் பெரும்பகுதி புகையோடு வெளியே போய்விடும். பாத்திரத்தில் ஏறுவது 15 விழுக்காடு என்று கொண்டால், 2.2 மெகாஜூல் பெற 14.7 மெகாஜூல் எரிக்க வேண்டும். ஒரு வாளி வெந்நீருக்கு ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட வறட்டி! நாளொன்றுக்கு நான்கு விருந்தினர், ஆளுக்கு ஒரு வாளி, பருவத்தில் நூறு நாள் என்று பெருக்கிப் பாருங்கள். நானூறு கிலோவுக்கு மேல் ஆகிவிடும்.

அந்தச் சாணத்தை மலைச்சரிவில் அலைந்து கூடைகூடையாகப் பொறுக்கியவர் ஆமா-லேயோ அவர் வீட்டாரோதான். அது குளிர்காலத்துக்கான சேமிப்பு. எரிக்காமல் விட்டிருந்தால் வயலுக்கு உரமாகவும் ஆகியிருக்கும்.

இதே வேலையைக் கதிரவனிடம் ஒப்படைத்தால்? தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் தருகிறது. இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள சூரிய வெந்நீர்க் கலம் அதில் பாதியைப் பிடித்தாலும் 1,000 வாட் கிடைக்கும். நம் வாளி 37 நிமிடத்தில் தயார். பரவளைய ஆடியின் குவியத்தில் கெட்டிலை வைத்துத் தேநீர் போடுவதும் இமயமலைக்கு அப்பாலுள்ள ஊர்களில் வழக்கமாகிவிட்டது. ஆகவே குளியலை மாலைக்கும் இரவுக்கும் வைத்துக்கொள்ளாமல் வெயில் வேளைக்கு மாற்றிக்கொண்டால், செலவு முழுதும் கதிரவன் கணக்கில் போய்விடும்.

மின்சாரமும் இப்படியே. 100 வாட் சூரியத் தகடு ஒன்று நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலில் 500 வாட்-மணி தரும். குளிரில் சிலிக்கான் தகடு சற்றுக் கூடுதலாகவே உழைக்கும். ஐந்து வாட் விளக்குகள் சிலவற்றை எரிக்கவும், கைப்பேசிகளுக்கு மின்னேற்றவும் இது போதும். ஆனால் 1,000 வாட் தலை உலர்த்தியை ஒருவர் அரை மணி நேரம் ஓட்டினால் வீட்டின் அன்றைய வரவு அத்தனையும் தீர்ந்துவிடும்.

வெயிலைச் சேமிக்கும் சுவர்

அந்த உயரத்தில் காற்று மெலிந்தும் உலர்ந்தும் இருப்பதால் பகலில் வெயில் சுள்ளென்று உறைக்கும். நிழலில் ஒதுங்கினால் உடனே குளிரும். இரவில் தரையும் கூரையும் தம் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு வாரி வழங்கிவிடுகின்றன. நம் கடற்கரை ஊர்களில் காற்றிலுள்ள நீராவி இக்கதிர்களில் ஒரு பகுதியைத் தடுத்துத் திருப்பியனுப்பும். அங்கே அந்தப் போர்வை இல்லை.

இதற்கு லடாக் மக்கள் கண்ட விடை மண்சுவர். வெயிலில் உலர்த்திய செங்கற்களால் ஒன்றரை அடி, இரண்டடிக் கனத்தில் எழுப்பும் சுவர். இதன் வெப்ப ஏற்புத்திறனைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 1,700 கிலோகிராம். அது பத்து டிகிரி சூடேறினால் 15 மெகாஜூல் அளவு வெப்பம் அதனுள் தங்கும். ஒரு கிலோ வறட்டியை முழுதும் எரித்தால் கிடைக்கும் வெப்பம் இது. சுவர் ஒவ்வொரு பகலிலும் இதைப் புகையில்லாமல் பெற்று இரவில் தருகிறது.

வெப்பம் மண்சுவரினுள் மெல்லவே ஊர்ந்து செல்லும். 30 முதல் 40 சென்டிமீட்டர் கனமுள்ள சுவரைக் கடக்க அதற்கு 10 முதல் 13 மணி நேரம் ஆகிறது. நண்பகலில் வெளிப்புறம் பட்ட வெயில் நள்ளிரவில் உட்புறம் வந்து சேர்கிறது. வேண்டிய நேரத்தில் வந்து சேரும் வெப்பம்!

சன்னல்கள் தெற்கு நோக்கி இருப்பதற்கும் காரணம் உண்டு. லடாக் ஏறத்தாழ 34 டிகிரி வட அகலாங்கில் உள்ளது. டிசம்பர் இறுதியில் நண்பகல் கதிரவன் அடிவானுக்கு மேல் 32 டிகிரி உயரத்தில்தான் நிற்பான். சாய்ந்த வெயில் தெற்குச் சன்னல் வழியே அறையின் உட்கோடி வரை புகும். ஜூன் இறுதியில் அவன் 79 டிகிரி உயரத்துக்கு ஏறிவிடுவதால் அதே சன்னலில் வெயில் அதிகம் நுழையாது. லடாக்கில் பல கட்டடங்களில் தெற்குச் சுவருக்குக் கருப்பு வண்ணம் பூசி, சிறு இடைவெளி விட்டு அதன்முன் கண்ணாடி பொருத்தியிருப்பதைக் காணலாம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூடான சுவர் வீசும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியே விடாது. பெலிக்ஸ் டிராம்பு என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் பெயரால் இது 'டிராம்பு சுவர்' எனப்படுகிறது.

இதே ஊரில் கான்கிரீட்டும் இரும்புத் தகடும் கொண்டு மெல்லிய சுவரில் விடுதி கட்டினால், பார்வைக்குப் புதுமையாயிருக்கும். இரவு முழுதும் எண்ணெய் எரித்தாக வேண்டும்.

தண்ணீரும் கழிப்பறையும்

மேலே உள்ள பனி உருகி ஓடையாக வருவதே ஊரின் தண்ணீர். அது 'யூரா' எனப்படும் வாய்க்கால்களில் திருப்பப்பட்டு, பார்லி, பட்டாணி வயல்களுக்கு முறை வைத்துப் பாய்கிறது. முறையைக் கண்காணிப்பவருக்குச் 'சுர்போன்' என்று பெயர். நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்யும் வேலையை அங்கே சுர்போன் செய்கிறார்.

இனி, முதன்முறை செல்பவர் தயங்கும் இடத்துக்கு வருவோம். வீட்டின் கழிப்பறையில் தண்ணீர் இல்லை! மாடியில் ஒரு சிறு அறை. தரையில் ஒரு துளை. மூலையில் மண்ணும் சாம்பலும் குவித்து ஒரு மண்வெட்டி வைத்திருக்கிறார்கள். பயன்படுத்தியபின் ஒரு மண்வெட்டி மண் தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான். மண்ணும் சாம்பலும் ஈரத்தை உறிஞ்சி நாற்றத்தையும் ஈயையும் தடுக்கின்றன. கீழறையில் மாதக்கணக்கில் கிடந்து மட்கியது உழவுக் காலத்தில் வயலுக்கு எருவாகப் போகிறது.

இதை வசதிக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். முன்பு போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மாட்டுச் சாணம் அடுப்புக்குப் போய்விடுகிறது. அப்படியானால் வயலுக்கு எரு ஏது? இந்த உலர் கழிப்பறைதான். தானியமாக வீட்டுக்குள் வந்த சத்து எருவாக மீண்டும் வயலுக்குச் செல்கிறது. வட்டம் மூடிக்கொள்கிறது.

இங்கே ஒரு பீங்கான் கழிப்பறையைப் பொருத்தினால் என்ன நிகழும்? ஒருமுறை தண்ணீர் ஊற்ற 6 முதல் 10 லிட்டர் வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் ஆகும். வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் குறையும். எரு கிடைக்காது. கழிவுநீர் குழியில் இறங்கி ஊற்றையும் ஓடையையும் கெடுக்கும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து, விரிந்து, குழாயையே பிளந்துவிடும். லே நகரில் விடுதிகள் பெருகி, ஆழ்துளைக் கிணறுகளும் கழிவுக் குழிகளும் அருகருகே அமைந்துவிட்டதால் நிலத்தடி நீரைப் பற்றிய கவலை வளர்ந்திருக்கிறது. 1974இல்தான் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. 2022இல் வந்தோர் தொகை 5 லட்சத்தைத் தாண்டியது. சிறு செலவும் பெருந்தொகையால் பெருக்கப்படும்போது பெரிதாகிவிடுகிறது.

பட்டிக்குள் புகுந்த விருந்தாளி

இதுவரை பார்த்தது ஆற்றலும் தண்ணீரும். இனிப் பணக் கணக்கு. பனிச்சிறுத்தை இங்கேதான் வருகிறது.

லடாக் மொழியில் இதற்கு 'ஷான்' என்று பெயர். சாம்பல் நிறப் பாறையோடு பாறையாகக் கலந்துவிடும் உடல். செங்குத்தான சரிவில் தாவும்போது நிலைதவறாமல் காக்கும் நீண்ட வால். நீல ஆடு எனப்படும் மலையாடே இதன் முதன்மையான இரை. 2019 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ளவை 718. அவற்றுள் 477 லடாக்கில் வாழ்கின்றன.

ஊராரின் வெள்ளாடும் செம்மறியாடும் இதற்கு எளிய இரையே. பகலில் மேயும்போது ஒன்று போனால் குடும்பம் பொறுத்துக்கொள்ளும். கொடுமை நிகழ்வது இரவில், பட்டியில். பழைய பட்டிகள் தாழ்ந்த கற்சுவர் கொண்டவை. கூரையில் புகைபோக்கி போன்ற திறப்பும் இருக்கும். சிறுத்தை அதன்வழி உள்ளே குதித்துவிடும். வெளியில் ஓர் ஆட்டைப் பிடித்தால் மற்றவை சிதறி ஓடிவிடும். வேட்டையும் அத்தோடு முடியும். பட்டிக்குள் ஓட வழியில்லை. ஆடுகள் மிரண்டு சுற்றிச்சுற்றி ஓட, அந்த அசைவே சிறுத்தையை மீண்டும் மீண்டும் பாயத் தூண்டுகிறது. ஒரே இரவில் பட்டி முழுதும் மடிந்துகிடப்பதுண்டு. நாற்பது ஆடு வைத்திருக்கும் குடும்பம் இருபதை இழந்தால், அது பாதிச் சொத்தை இழந்ததற்குச் சமம். விடிந்ததும் அவர்கள் கல்லையும் தடியையும் எடுத்ததில் வியப்பென்ன? பட்டிக்குள் அகப்பட்ட சிறுத்தைகள் பல இவ்வாறே அடித்துக் கொல்லப்பட்டன.

சட்டம் இதைக் குற்றம் என்கிறது. ஆயினும், ஒரு விலங்கு உயிரோடிருப்பதன் செலவு முழுவதையும் ஏழைக் குடும்பமொன்று தாங்க, அதைக் காணும் இன்பம் ஊரார் அல்லாத மற்றவர்க்கே என்றால், அந்தக் கணக்கு நெடுநாள் நிற்காது.

பனிச்சிறுத்தைப் பாதுகாப்பில் ஈடுபட்ட 'ஸ்னோ லெப்பர்ட் கன்சர்வன்சி' என்னும் அமைப்பு இக்கணக்கைத் திருத்த முனைந்தது. லடாக்கைச் சேர்ந்த ரின்சென் வாங்சுக் அதன் இந்தியப் பணிக்கு வழிகாட்டினார். முதல் வேலை பட்டியைச் சீர்செய்தது. திறப்புகளுக்குக் கம்பிவலை, மரச்சட்டம், இடுக்கில்லாத கதவு. மிக எளிய பொறியியல். ஆனால் பட்டிக்குள் நிகழும் கூட்டச் சாவைத் தடுக்கப் போதுமானது.

இரண்டாவது வேலை, 2002இல் தொடங்கிய 'ஹிமாலயன் ஹோம்ஸ்டே' திட்டம். நடைப்பயணிகள் அதுவரை வெளியிலிருந்து கொண்டுவந்த கூடாரத்தில் தங்கி, வெளியிலிருந்து கொண்டுவந்த உணவை உண்டு சென்றனர். ஊருக்குக் கிடைத்தது குப்பையும் மிதிபட்ட மேய்ச்சல் நிலமும்தான். இத்திட்டத்தில் விருந்தினர் ஊராரின் வீட்டிலேயே தங்குகின்றனர். எந்த வீட்டுக்கு யார் என்பது முறைப்படி மாறிமாறி வரும். நல்ல இடத்தில் வீடிருப்பவர் மட்டும் கொழுக்கவும் மற்றவர் பொறாமைப்படவும் இடமில்லை. வயலுக்குத் தண்ணீர் முறை விடும் ஊருக்கு இது புதிய பாடமும் அன்று. வருவாயில் பத்து விழுக்காடு ஊர்ப் பொதுநிதிக்குச் சென்று, தூய்மை, பாதுகாப்பு முதலிய வேலைகளுக்குப் பயன்படுகிறது.

இப்போது கணக்கு மாறிவிட்டது. ஆட்டைத் தின்ற திருடனைக் காணவே குளிர்காலத்தில்கூட விருந்தினர் வருகின்றனர். சிறுத்தை ஊரின் வரவுப் பக்கத்தில் இடம்பெற்றுவிட்டது.

கணக்கின் மறுபக்கம்

இத்தகைய வீடு எதுவும் தீங்கே செய்யாது என்று நான் சொல்லவில்லை. சென்னையிலிருந்து லே வரை நீங்கள் விமானத்தில் சென்றால், அதில் எரியும் எண்ணெய் ஆமா-லேயின் அடுப்பில் நெடுநாள் எரியும் வறட்டியை விஞ்சிவிடும். ஆகவே அடிக்கடி ஓடிவருவதைவிட, ஒருமுறை சென்று பல நாள் தங்குவதே மேல். விருந்தினர் மிகுந்தால் அவர்களுக்காக அரிசி, கோழி, பிஸ்கட் எல்லாம் வெளியிலிருந்து வரும். சுமைக் குதிரைகள் பெருகும். அவை மேயும் புல் நீல ஆட்டுக்குக் கிடைக்காது. நீல ஆடு குறைந்தால் சிறுத்தை மீண்டும் பட்டியைத்தான் நாடும். எல்லாச் சுற்றுலாவும் நின்றுபோன 2020 போன்ற ஆண்டுகளில், அந்த வருவாயை மட்டுமே நம்பியிருப்பது எவ்வளவு இடர் என்பதும் தெரிந்தது. வயலையும் ஆட்டையும் கைவிடாமல், விருந்தோம்பலைப் பக்கவருவாயாக வைத்திருக்கும் வீடே உறுதியாக நிற்கும்.

எனவே எந்தத் தேசியப் பூங்காவின் அருகில் தங்கப் போனாலும் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள். வெந்நீர் எதனால் சூடாகிறது? கழிவு எங்கே போகிறது? சாப்பாட்டில் எத்தனை பங்கு அந்த ஊரில் விளைந்தது? நீங்கள் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அந்த ஊரிலேயே தங்குகிறது? காட்டுவிலங்கால் இழப்பு நேர்ந்தால் அதைத் தாங்குபவர் யார்? இந்த ஐந்துக்கும் தயங்காமல் விடை சொல்லும் வீட்டில் தயங்காமல் தங்கலாம்.

மாணவர்கள் இக்கணக்கைத் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். நாளைக் காலை குளிக்கும் முன் வாளித் தண்ணீரின் கொள்ளளவையும், சுடவைப்பதற்கு முன்னும் பின்னும் அதன் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மெகாஜூல் என்று கணக்கிடுங்கள். அது சமையல் வாயுவா, மின்சாரமா, விறகா என்று பாருங்கள். பிறகு, அது எங்கிருந்து வருகிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு வீட்டைச் சுற்றி எல்லைக்கோடு வரையக் கற்றவர், காட்டைச் சுற்றியும் அதை வரையக் கற்றுக்கொள்வார்.